கடல் தாண்டிப் போனவருக்காக ஒரு வெள்ளிக்கிழமை விளக்கு

வெள்ளிக்கிழமை சாயங்காலம். புதுச்சேரி மணக்குள விநாயகர் சந்நிதியில் நல்ல கூட்டம். அர்ச்சனைத் தட்டோடு வரிசையில் நிற்கும் ஒரு தாயிடம், ''பேர், நட்சத்திரம் சொல்லுங்கம்மா'' என்கிறார் குருக்கள். அந்த அம்மா பிள்ளையின் பெயரைச் சொல்கிறார்; நட்சத்திரத்தைச் சொல்கிறார். கூடவே, யாரும் கேட்காமலே, ''குவைத்துல இருக்கான் சாமி'' என்று சேர்த்துக் கொள்கிறார். சொல்லும்போதே குரல் தழுதழுக்கிறது.

இந்தக் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒருவேளை, அந்த அம்மாவே நீங்களாகவும் இருக்கலாம். மகன், கணவர், தம்பி, மருமகன், சில வீடுகளில் மகள் என்று யாரோ ஒருவர் பிழைப்புக்காகக் கடல் தாண்டிப் போயிருப்பார். இங்கே நாம் சங்கல்பத்தில் அவர் பெயரைச் சொல்லி வேண்டிக்கொள்கிறோம். பிரசாதத்தை வாங்கிக்கொண்டு வீடு திரும்பும்போது மனசுக்குள் ஒரு கேள்வி எழும்.

''நான் இங்கே செய்கிற அர்ச்சனை, அங்கே எட்டுப் பேர் படுக்கிற அறையில் தனியாக விழித்திருக்கிற பிள்ளைக்குப் போய்ச் சேருமா?''

சேரும். எப்படிச் சேரும் என்பதை நமக்குச் சொல்லித் தர, இதே புதுவைக் கரையிலிருந்து 170 ஆண்டுகளுக்கு முன் கப்பலேறியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கதையை முதலில் தெரிந்துகொள்வோம். பிறகு, நாம் வீட்டில் செய்ய வேண்டியது என்ன என்று பார்ப்போம்.

கரும்புத் தோட்டத்துக்குப் போன கப்பல்

1848-ம் ஆண்டு பிரெஞ்சு அரசு தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது. ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் போன்ற தீவுகளில் இருந்த கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் இல்லாமல் போனது. தோட்ட முதலாளிகளின் பார்வை புதுச்சேரி, காரைக்கால் பக்கம் திரும்பியது. ஐந்து வருட ஒப்பந்தம் என்று சொல்லி ஏழைக் குடியானவர்களையும் கூலித் தொழிலாளர்களையும் சேர்த்தார்கள். பிரிட்டிஷ் இந்தியப் பகுதிகளிலிருந்தும் ஆள் எடுக்க 1860-ம் ஆண்டு இரு அரசுகளும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன.

அன்று புதுவையில் கப்பல் வந்து அணையும் துறைமுகம் கிடையாது. 'சலங்கு' என்ற படகில் ஏறி, அலைகளைத் தாண்டிப்போய், நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலில் ஏற வேண்டும். கரையில் நிற்பவர்களுக்குப் படகு அலையில் மறைவதும் தெரிவதுமாக இருக்கும். அதோடு சரி. கடிதம் எழுதத் தெரியாது. எழுதினாலும் படிக்கத் தெரியாது. போனவர் போனவர்தான்.

'அவுரேலி' என்ற கப்பல் 1853-ம் ஆண்டு மே மாதம் மார்த்தினிக் தீவை அடைந்தது. அதே கப்பல் 1854-ம் ஆண்டு டிசம்பர் 24-ம் தேதி, இன்னும் சில நூறு பேரை குவாதலூப் தீவில் இறக்கியது. ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு போகும் அந்தப் பயணம் ஏறக்குறைய மூன்று மாதம்! 1889-ம் ஆண்டு வரை குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42 ஆயிரம் இந்தியர்கள் போனார்கள். ரீயூனியன் தீவுக்குப் போனவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பாலானவர்கள் தமிழர்கள். ஒப்பந்தம் முடிந்தும் திரும்பாதவர்களும் திரும்ப முடியாதவர்களுமே அதிகம்.

தெரியாத ஊர், புரியாத மொழி, விடியும் முன்பே தொடங்கும் வேலை, தப்பு செய்தால் சம்பளப் பிடித்தம். நோயிலும் ஏக்கத்திலும் மடிந்தவர்கள் ஏராளம். ஆனாலும், பிழைத்து நின்றவர்களும் இருந்தார்களே... அவர்களைத் தாங்கிப் பிடித்தது எது?

மூட்டைக்குள் வந்த மாரியம்மன்

அவர்கள் மூட்டையில் பொன்னோ பொருளோ இல்லை. மனசில் மட்டும் சாமி இருந்தது. அதுவும் சொந்தக் கிராமத்துச் சாமி!

கரும்புத் தோட்டத்தின் ஓரத்தில், ஒரு மரத்தடியில் கல்லை நட்டு மஞ்சள் பூசினார்கள். அவள்தான் மாரியம்மன். குவாதலூப்பிலும் மார்த்தினிக்கிலும் இன்றைக்கும் 'மாலியெமேன்' என்று அவளைக் கூப்பிடுகிறார்கள். மதுரை வீரனும் அவர்களோடு போனார். நாக்கு மாறியதால் பெயரின் உச்சரிப்பு மாறியது, பக்தி மாறவில்லை.

இன்னொரு அதிசயம் கேளுங்கள். அந்தத் தீவுகளின் வழிபாட்டில் 'நாகுமிலா' என்று ஒரு பெயர் வரும். யார் தெரியுமா? காரைக்காலுக்குப் பக்கத்திலிருக்கும் நாகூர் ஆண்டவர்தான்! கடல் பயணத்தில் காப்பாற்றுபவர் என்று நாகூர் மீரானை நம்பிக் கப்பலேறியவர்கள், கரை சேர்ந்த பிறகும் அந்த நன்றியை மறக்கவில்லை. ரீயூனியன் தீவில் பல இடங்களில் அம்மன் கோயில் முன்பாகவே அவருக்காகக் கொடிமரம் நட்டு, கொடி ஏற்றும் பழக்கம் வந்தது. ஆபத்தில் கூட வந்தவரை யார் பிரித்துப் பார்ப்பார்கள்?

நம் புதுவையில் பாரதியார் வாழ்ந்த தெருவுக்கு 'ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு' என்று பெயர். தர்மராஜா கோயில் என்றால் அங்கே திரௌபதி அம்மனும் உண்டு, தீமிதியும் உண்டு. புதுவையைச் சுற்றியுள்ள கிராமங்களில் நடக்கும் அந்தத் தீமிதி, ரீயூனியன் தீவிலும் நடக்கிறது. பாஞ்சாலியை அங்கே 'பாந்தியாலே' என்கிறார்கள். பாண்டவர் கதையை இரவெல்லாம் கூத்தாக ஆடிய வழக்கமும் அங்கே உண்டு. குவாதலூப்பில் அந்தக் கூத்துக்கு 'நாத்ரோம்' என்று பெயர். நம்முடைய 'நாடகம்'தான் அது! பாடுகிறவர்களில் பலருக்குப் பாட்டின் அர்த்தம் தெரியாமல் போனது. ஆனாலும், தாத்தா பாடிய பாட்டை அப்படியே மனப்பாடமாகப் பாடுகிறார்கள். தப்பு மேளம்கூட 'தப்பூ' என்ற பெயரிலேயே ஒலிக்கிறது.

சமையலறையையும் அவர்கள் மறக்கவில்லை. ரீயூனியனில் முருங்கைக்கீரை இன்றும் வீட்டுச் சாப்பாடு. மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் 'கொலொம்போ' என்றொரு மசாலாக் குழம்பு பிரசித்தம். நம் 'குழம்பு'தான் அப்படி ஆனது என்று சொல்வார்கள்.

இந்தோசீனாவுக்கு, அதாவது இன்றைய வியட்நாமுக்குப் போன தமிழர்களின் கதையும் இதேதான். புதுவைக்காரர்கள் பிரெஞ்சு அரசு வேலைக்கும், செட்டியார்கள் தொழிலுக்குமாகப் போனார்கள். சைகோன் நகரில் மாரியம்மன் கோயில் எழுந்தது. அந்த நகரம் இன்று ஹோ சி மின் நகரம். தமிழர்கள் பெரும்பாலும் திரும்பிவிட்டார்கள். ஆனால், மாரியம்மன் திரும்பவில்லை! வியட்நாம் நாட்டுப் பெண்கள் இன்றும் அங்கே ஊதுபத்தி ஏற்றி, கோயில் சுவரில் நெற்றியை வைத்துத் தங்கள் குறையைச் சொல்லி வேண்டிக்கொள்கிறார்கள்.

தாங்கிப் பிடித்த மூன்று தூண்கள்

இந்தக் கதைகளை ஊன்றிக் கவனித்தால், அந்த மக்களின் மனதைத் தாங்கியவை மூன்று என்பது புரியும்.

முதலாவது, நாள். ஏழு நாளும் ஒரே மாதிரி வேலை என்றால் மனுஷன் இயந்திரமாகிவிடுவான். 'இன்றைக்கு அம்மனுக்கு உகந்த நாள். இன்னும் இருபது நாளில் தீமிதி' என்று எண்ணுவதற்கு ஒரு நாள் இருந்தால், காத்திருக்க ஒரு காரணம் இருக்கிறது.

இரண்டாவது, கூட்டம். அந்த வழிபாட்டை யாரும் தனியாகச் செய்யவில்லை. கல் நட ஒருவர், மேளம் அடிக்க ஒருவர், பொங்கல் வைக்க ஒருவர். தனியாக அழுதால் துக்கம். சேர்ந்து கும்பிட்டால் அதுவே பலம்.

மூன்றாவது, கதை. பன்னிரண்டு வருடம் காட்டில் கிடந்த பாண்டவர்கள், சபையில் அவமானப்பட்ட பாஞ்சாலி... அவர்கள் கதையைக் கேட்கும்போது, 'கஷ்டம் நமக்கு மட்டும் வந்ததில்லை. இதற்கு ஒரு முடிவும் உண்டு' என்ற எண்ணம் பிறக்கிறது.

இவை தேய்ந்துபோனால் என்ன ஆகும்? அதற்கும் சரித்திரம் இருக்கிறது. பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு நம் மக்களை பிரிட்டிஷார் கொண்டுபோனார்கள். 100 ஆண்களுக்கு 40 பெண்கள் என்ற கணக்கில் ஆள் சேர்த்ததால், குடும்பம் என்ற அமைப்பே சிதைந்தது. கண்டிக்கவோ அணைக்கவோ பெரியவர்கள் இல்லை. காந்திஜியின் நண்பர் சி.எஃப்.ஆண்ட்ரூஸ், பியர்சன் என்பவரோடு 1915-ல் பிஜிக்குச் சென்று விசாரித்தார். அங்கே குடும்ப வாழ்வும் சமய வாழ்வும் குலைந்து கிடந்ததையும், தற்கொலைகள் மிகுந்திருந்ததையும் அவர்கள் எழுதிய அறிக்கை நாட்டையே உலுக்கியது. 1917-ல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவது நிறுத்தப்பட்டது.

1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்தவர் மகாகவி பாரதியார். மணக்குள விநாயகர் மீது 'விநாயகர் நான்மணிமாலை' பாடிய அதே பாரதிதான், பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் தவித்த நம் பெண்களை நினைத்தும் உருகிப் பாடினார். விநாயகரைப் பாடிய வாய்க்கு, கூலிப் பெண்ணின் கண்ணீரும் பாட்டுதான். பக்தி என்பது இதுதானே!

இன்று நம் கையில் இருப்பது

அன்று போனவர்களுக்கு, வீட்டோடு இருந்த தொடர்பு கப்பல் ஏறியதோடு அறுந்துபோனது. இன்று அப்படியா? பொத்தானை அழுத்தினால் முகம் தெரிகிறது. ஆனால், முகம் தெரிவதாலேயே மனம் தெரிந்துவிடுகிறதா என்றால், இல்லை.

''சாப்பிட்டியா?''

''சாப்பிட்டேம்மா.''

''உடம்பு எப்படி இருக்கு?''

''நல்லா இருக்கேம்மா.''

இவ்வளவுதான் பேச்சு. அந்த 'நல்லா இருக்கேன்' என்ற வார்த்தைக்குள் எத்தனையோ ஒளிந்திருக்கும். மூன்று மாதச் சம்பளம் வராதது, கடன் கொடுத்தவரின் மிரட்டல், மேஸ்திரியின் ஏச்சு, தூக்கமில்லாத ராத்திரி. நாம் கவலைப்படுவோமே என்று அவர் மறைக்கிறார். அவர் கவலைப்படுவாரே என்று நாமும் இங்கே நடப்பதை மறைக்கிறோம். இரண்டு பக்கமும் அன்புதான். ஆனால், நடுவில் ஒரு சுவர்.

அந்தச் சுவரை இடிக்க, முன்னோர்களைத் தாங்கிய அதே மூன்று தூண்களையே பிடித்துக்கொள்வோம்.

நாள்: வெள்ளி விளக்கும் தொலைபேசியும்

அம்மனுக்கு உகந்தது வெள்ளிக்கிழமை. சவுதி, குவைத், கத்தார் போன்ற நாடுகளில் வார விடுமுறையும் அதே வெள்ளிக்கிழமைதான்! இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்?

இங்கே மாலை 7 மணிக்கு விளக்கேற்றினால், அந்த நாடுகளில் மணி மாலை நாலரை. உறங்கி எழுந்து, துணி துவைத்து முடித்திருக்கும் நேரம். துபாய், அபுதாபி, மஸ்கட் என்றால் மாலை ஐந்தரை. துபாய்ப் பக்கம் பல கம்பெனிகளில் இப்போது ஞாயிறுதான் விடுமுறை. அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை விளக்காக வைத்துக்கொள்ளலாம். சிங்கப்பூரும் மலேசியாவும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கின்றன. அங்கே ஞாயிறு விடுமுறை என்றால், இங்கே மாலை 5 மணிக்கே பேசிவிடுவது நல்லது. வேலை நாளில் திடீர் திடீரென்று கூப்பிட்டு, கட்டட உச்சியில் நிற்பவரைப் பதற வைக்க வேண்டாம்.

'வெள்ளி மாலை அம்மா விளக்கேற்றிவிட்டுப் பேசுவாள்' என்று அவருக்குத் தெரிந்திருந்தால் போதும். வாரம் முழுக்க அவர் எண்ணிக் காத்திருக்க ஒரு நாள் கிடைத்துவிடும்.

கூட்டம்: அங்கேயும் ஒரு சந்நிதி

''கோயிலுக்குப் போனியா?'' என்று கேளுங்கள். ''யாரோட போன?'' என்று சேர்த்துக் கேளுங்கள். இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

சிங்கப்பூரில் 1827-ல் தொடங்கிய ஸ்ரீ மாரியம்மன் கோயில், புதிதாகக் கப்பலில் வந்து இறங்கிய தமிழர்களுக்கு வேலை கிடைக்கும்வரை தங்க இடம் கொடுத்த கோயில். சிராங்கூன் சாலையில் வீரமாகாளியம்மன் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நம் ஊர் இளைஞர்கள் கூடும் இடமும் அதைச் சுற்றித்தான். துபாயின் ஜெபல் அலி பகுதியில் 2022-ல் இந்துக் கோயில் திறக்கப்பட்டது. அபுதாபியில் 2024 பிப்ரவரி 14-ல் பெரிய கற்கோயில் ஒன்று திறக்கப்பட்டது. மஸ்கட்டில் சிவன் கோயிலும், பஹ்ரைன் மனாமாவில் பழைமையான கிருஷ்ணன் கோயிலும் உண்டு.

சவுதி போன்ற இடங்களில் பொதுக்கோயில் கிடையாது. அங்கே இருப்பவரை, 'படம் வைத்துக் கொண்டாடு, பஜனை வை' என்று வற்புறுத்தாதீர்கள். அந்தந்த நாட்டுச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு இருப்பதே அவருக்குப் பாதுகாப்பு. மனசுக்குள் நாமம் சொல்ல யார் அனுமதி வேண்டும்? கூட்டம் என்றால் கோயில் மட்டுமா? விடுமுறை நாளில் அறை நண்பர்களோடு சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவதும் கூட்டம்தான். அந்த நண்பர் எந்த ஊர், எந்த மதம் என்பது கணக்கில்லை. நாகூர் ஆண்டவருக்குக் கொடி ஏற்றிய நம் முன்னோர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

கதை: கணக்கை விடுங்கள், வீட்டைச் சொல்லுங்கள்

பேச ஆரம்பித்ததும் ''இந்த மாசம் பணம் எப்ப வரும்?'' என்று தொடங்குகிற வீடுகள் நிறைய. தேவை இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால், வாரம் ஒரு நாள், அந்த விளக்கு வேளையில் மட்டும் பணப் பேச்சு வேண்டாம் என்று ஒரு விரதம் எடுத்துக்கொள்ளுங்கள். உப்பில்லாமல் சாப்பிடுவதைவிடக் கடினமான விரதம் இது!

அதற்குப் பதிலாக வீட்டின் கதையைச் சொல்லுங்கள். வாசல் வேப்பமரம் பூத்தது, குழந்தை முதல் எழுத்து எழுதியது, வில்லியனூர் தேர் பார்த்தது, கடற்கரைச் சாலையில் மழையில் நனைந்தது. கடைசியில் ஒரு புராணக் கதை. ராமன் வனவாசம் போனபோது நந்திக்கிராமத்தில் பரதன் காத்திருந்த கதையைச் சொல்லலாம். 'போனவர் திரும்பி வருவார். அவருக்காக ஒருவர் காத்திருக்கிறார்' என்று சொல்லும் கதை அது. கேட்பவருக்கு வேறு விளக்கமே தேவையில்லை.

முக்கியமாக, நீங்கள் பேசுவதைவிட அவரைப் பேச விடுங்கள். அவர் கஷ்டத்தைச் சொன்னால் உடனே, ''எல்லாம் சாமி பார்த்துக்கும்'' என்று மூடிவிடாதீர்கள். ''அப்புறம்?'' என்று கேளுங்கள். பக்தர்கள் புலம்புவதை எத்தனை மணி நேரமானாலும் மறுபேச்சில்லாமல் கேட்கிறாளே, அந்த அம்பாளிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டிய குணம் இது.

பரிகாரம் என்ற பெயரில் பாரம் ஏற்றாதீர்கள்

'பிள்ளைக்கு நேரம் சரியில்லை. இத்தனை ஆயிரம் ரூபாயில் ஹோமம் செய்ய வேண்டும்' என்று யாராவது சொன்னால், அந்தச் செலவையும் அவரையே அனுப்பச் சொல்லாதீர்கள். வெயிலில் நின்று சம்பாதிப்பவருக்கு அது இன்னொரு கடன். ஒரு அகல், ஒரு கைப்பிடி அருகம்புல் போதும் மணக்குளத்துப் பிள்ளையாருக்கு. பிரெஞ்சுக்காரர்கள் இங்கே வந்து குடியேறிய 1674-க்கும் முன்பிருந்தே, மணற்குளத்துக் கரையில் எளிமையாக அமர்ந்திருந்தவர்தானே அவர்!

பக்கத்து வீட்டு மாடியைக் காட்டி, ''நாம எப்ப கட்டுறது?'' என்று கேட்பதும் வேண்டாம். ''கஷ்டமா இருந்தா திரும்பி வந்துடு. கஞ்சியோ கூழோ சேர்ந்து குடிக்கலாம்'' என்று ஒரே ஒரு முறை மனப்பூர்வமாகச் சொல்லிப் பாருங்கள். திரும்பி வர வழி இருக்கிறது என்று தெரிந்தாலே, பாதி பாரம் இறங்கிவிடும்.

பிரார்த்தனையும் வைத்தியமும்

காய்ச்சல் வந்தால் விபூதியும் பூசுகிறோம், டாக்டரிடமும் போகிறோம். மனசுக்கு வரும் நோய்க்கு மட்டும் ஏன் டாக்டரைத் தள்ளி வைக்க வேண்டும்?

சில அறிகுறிகளைக் கவனியுங்கள். தவறாமல் பேசுகிறவர் பேச்சைக் குறைத்துக்கொள்வது, வாரக்கணக்கில் தூக்கமில்லை என்பது, சாப்பாடு பிடிக்கவில்லை என்பது, திடீரென்று குடிப் பழக்கம், காரணமில்லாமல் எரிந்து விழுவது, ''நான் இல்லேன்னா நீங்க நிம்மதியா இருப்பீங்க'' என்ற மாதிரிப் பேச்சு. இந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டால் ஒருபோதும் அலட்சியம் செய்யாதீர்கள்.

''உயிரை விட்டுடலாம்னு தோணுதா?'' என்று அன்போடு நேரடியாகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது; சொல்ல முடியாமல் தவித்தவருக்குச் சொல்ல வழி கிடைக்கும் என்கிறார்கள் மனநல மருத்துவர்கள். உடனே அவருடைய அறை நண்பரைக் கூப்பிட்டு, தனியாக விடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அங்குள்ள மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொல்லுங்கள்.

என்ன செய்வது என்று உங்களுக்கே குழப்பமாக இருந்தால், மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்தச் சேவையில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. நேரில் பார்க்க, புதுவை ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவரைப் பற்றிய கவலையில், இங்கே தூக்கத்தைத் தொலைத்த தாய்மார்களும் மனைவிமார்களும் தங்களுக்காகவும் போகலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

சம்பளம் தராதது, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்வது போன்ற தொல்லைகள்தான் பல நேரம் மன வேதனைக்கு வேர். அதற்கும் வழி உண்டு. வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் இங்கிருந்தே புகார் பதிவு செய்யலாம். டெல்லியில் உள்ள உதவி மையத்தின் எண் 1800 11 3090. துபாயில் இருப்பவர்கள் அங்குள்ள இந்தியத் தொழிலாளர் உதவி மையத்தை 800 46342 என்ற எண்ணில் அழைக்கலாம். கஷ்டத்தில் சிக்கிய இந்தியர்களுக்குச் சாப்பாடு, தங்குமிடம், ஊர் திரும்ப டிக்கெட் ஆகியவற்றுக்கு உதவ, ஒவ்வொரு தூதரகத்திலும் சமூக நல நிதி இருக்கிறது, 2009-ல் தொடங்கப்பட்டது. கேட்பவருக்குத்தான் கிடைக்கும். அம்மனிடம் கேட்கிறோம், அதிகாரியிடம் கேட்கக் கூச்சம் எதற்கு?

இன்றே ஒரு காரியம் செய்யுங்கள். அவருடைய பாஸ்போர்ட், விசா, வேலை ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல்கள், தங்கியிருக்கும் இடத்தின் முகவரி, இரண்டு நண்பர்களின் தொலைபேசி எண்கள். எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு, மஞ்சள் தடவி, பூஜை அறையிலேயே வையுங்கள். அவசரத்தில் தேட வேண்டியிருக்காது. வெள்ளிதோறும் விளக்கேற்றும்போது கண்ணிலும் படும்.

பார்சல் கட்டும்போது கவனம்!

* கசகசா ஒரு சிட்டிகைகூட வேண்டாம். வளைகுடா நாடுகளில் அது தடை செய்யப்பட்ட பொருள். கசகசா சேர்த்து அரைத்த மசாலாப் பொடியையும் தவிர்த்துவிடுங்கள். தெரியாமல் கொண்டுபோய் ஜெயிலுக்குப் போனவர்கள் உண்டு.

* தூக்க மாத்திரை, வலி மாத்திரை போன்றவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுத்து அனுப்ப வேண்டாம். சீட்டு இருந்தாலும் அந்த நாட்டில் அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

* விபூதி, குங்குமத்தைக் கோயில் பெயர் அச்சிட்ட சிறு பொட்டலமாகவே கொடுங்கள். பெயரில்லாத பொடி வேண்டாம்.

* அடுத்தவர் கொடுக்கும் பார்சலைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கிக்கொள்ள வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள்.

எளிய வெள்ளி வழிபாடு

மாலையில் பூஜை அறையைச் சுத்தம் செய்து, ஒரு அகலில் நல்லெண்ணெய் ஊற்றி விளக்கேற்றுங்கள். பிள்ளையாருக்கு அருகம்புல் வையுங்கள். வெளிநாட்டில் இருப்பவரின் பெயர், நட்சத்திரம், இருக்கும் ஊர் மூன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு, அவரோடு அறையில் தங்கியிருப்பவர்களின் பெயர்களையும் ஒவ்வொன்றாகச் சொல்லி வேண்டிக்கொள்ளுங்கள். அவர்கள் எல்லோருக்காகவும் ஒரு அம்மா எங்கோ காத்திருக்கிறாள் அல்லவா? மனப்பாடமாகத் தெரிந்த ஒரு துதியைக் குடும்பத்தோடு பாடுங்கள். குழந்தைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அதன் பிறகு தொலைபேசியை எடுங்கள். விளக்கு எரியும்போதே பேசுங்கள். விளக்கை அவருக்குக் காட்டுங்கள்.

கரையில் நிற்கும் அம்மன்

புதுவையை ஒட்டிய கடற்கரைக் கிராமம் வீராம்பட்டினம். அங்கே குடியிருக்கிறாள் செங்கழுநீர் அம்மன். மீனவர் ஒருவரின் வலையில் சிக்கிய மரத்துண்டை விறகுக்காக வெட்ட, கோடரி பட்ட இடத்தில் ரத்தம் கசிந்ததாம். அந்த மரமே அம்மனாக வழிபடப்பட்டது என்பது தல வரலாறு. ஆடி மாதத்தில் நடக்கும் தேரோட்டம் ஊர் அறிந்தது. பிரெஞ்சு கவர்னர் வந்து வடம் பிடித்த மரபு, இன்று துணைநிலை ஆளுநர் வடம் பிடிப்பதாகத் தொடர்கிறது.

மீனவப் பெண்கள் அவளிடம் கேட்கும் வரம் என்ன? 'கடலுக்குப் போனவர் கரை திரும்ப வேண்டும்!' அவ்வளவுதான். வேண்டிக்கொண்டு அவர்கள் சும்மா இருப்பதில்லை. காற்று எப்படி, அலை எப்படி, எந்தப் படகு இன்னும் வரவில்லை என்று கரையிலேயே நின்று கவனிக்கிறார்கள். ஒரு படகு தாமதமானால் ஊரே திரளும்.

நாமும் அப்படிக் கரையில் நிற்பவர்கள்தான். நம் பிள்ளை போன கடல் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான் வித்தியாசம். வேண்டிக்கொள்வோம், கூடவே கவனித்துக்கொண்டும் இருப்போம்.

மணக்குள விநாயகரைக் கடலில் எறிந்தும், அவர் மறுபடி மறுபடி கரைக்கே திரும்பி வந்தார் என்று புதுவைப் பெரியவர்கள் சொல்லுவார்கள். கடலில் போனவரைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கத் தெரிந்த பிள்ளையார் அவர்!

வரும் வெள்ளிக்கிழமை அர்ச்சனைத் தட்டோடு போகும்போது, ''குவைத்துல இருக்கான் சாமி'' என்று தயங்காமல் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் விளக்கேற்றிவிட்டு அவரைக் கூப்பிடுங்கள். ''சாப்பிட்டியா?'' என்று கேட்ட கையோடு, ''மனசு எப்படிப்பா இருக்கு?'' என்று கேளுங்கள்.

அவர் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் ஆகலாம். காத்திருங்கள். விளக்கு எரிந்துகொண்டிருக்கட்டும்.